குதிகால் முடிச்சு

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
8-6-1975

அன்புள்ள தம்பி இஞ்ஞாசிக்கு அக்காள் இசபெல்லா எழுதிக்கொண்டது. நானும் மரியசெல்வியும் உன் மகன் இனிகோவும் தேவகிருபையால் சுகமாக இருக்கிறோம். நீயும் பேபியும் அங்கே சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

எழுத்து கோணலாக இருந்தால் படிப்பு மறந்துபோய்விட்டது என்று நினைக்காதே. இறால் கம்பெனியில் உரிக்கிற பெண்களுக்கு நான் மேஸ்திரி என்று பெயர்தான். ஆள் வராத நாளில் நானும்தான் ஐஸ் தண்ணீரில் கையை விட வேண்டியிருக்கிறது. சாயங்காலம் பேனாவைப் பிடித்தால் விரல் மடங்கமாட்டேன் என்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். புதுத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் இனிகோவை என் வீட்டில் தங்க அனுப்பினாயே, அன்றைக்கே எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். அத்தை மகள் ஒரு வீட்டில் இருக்க, மாமன் மகன் வேறு எங்கே பெண் தேடப்போகிறான்? போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று சொல்லுகிறான், "அத்த, நான் மரியசெல்வியத்தான் கெட்டிக்கிடுதேன். அப்பாட்ட நீங்களே எழுதிருங்க. எனக்கு வெக்கமா இருக்கு." அவள் அடுக்களையில் ஒரு சட்டியை மூன்று தடவை கழுவிக்கொண்டிருந்தாள்.

இரத்த உறவு என்பதால் ஆயரிடம் விலக்கு வாங்க வேண்டும். பங்குச் சாமியார் கொடுத்த விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீயும் போட்டு அனுப்பு. விலக்கு வந்ததும் கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண அறிவிப்பு ஓலை வாசித்து, ஜனவரியில் கலியாணத்தை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வேடிக்கை கேள். கலியாணத்துக்குச் செருப்பு பார்க்கப் போனால் எந்தச் செருப்பின் பின்வாரும் அவளுக்குக் குதிகாலில் உரசுகிறது. தடவிப் பார்த்தேன். நம் கயிற்றுமுடிச்சேதான். முத்துக் குளித்த பாட்டன் கடலில் மூழ்கக் காலில் கட்டின கல்லுக்கயிறு அறுத்த இடத்தில் விழுந்த முடிச்சு இவள் வரைக்கும் வந்துவிட்டது. இரத்தம் எங்கும் போகவில்லை என்று மனது நிறைந்துவிட்டது.

பேபிக்கு என் அன்பைச் சொல்லு.

இப்படிக்கு,
அன்பு அக்காள்
இசபெல்லா


சென்னை, ராயபுரம்
25-6-1975

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி இஞ்ஞாசியின் வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் கைவலிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டு வைத்துப் பாருங்கள்.

கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. மருத்துவமனை லேபில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இனிகோ சொன்னதைப் படித்துப் பேபி அழுதுவிட்டாள். மரியசெல்வியைவிட நல்ல மருமகள் எங்களுக்கு எங்கே கிடைப்பாள்?

விண்ணப்பம் என்னிடமே இருக்கட்டும். மாதா திருவிழாவுக்கு நேரில் வரும்போது கொண்டுவருகிறேன்.

அதற்குள் சில விவரம் வேண்டும். அப்பா இறந்தபோது சரியாக என்ன வயது? கஸ்பார் அண்ணனுக்கு? மரியான் அத்தானுக்கு? நெஞ்சுவலி என்று முன்கூட்டி எப்போதாவது சொன்னார்களா? மரியசெல்விக்கு அந்த முடிச்சு ஒரு காலிலா, இரண்டிலுமா? கைமுட்டிகளிலும் இருக்கிறதா? கருவிழியைச் சுற்றி வெள்ளையாக வளையம் தெரிகிறதா? வெளிச்சத்தில் நிற்க வைத்துப் பாருங்கள். இனிகோவையும் பாருங்கள்.

வரும்போது ஊசியும் குழாயும் கொண்டுவருவேன். எல்லோருக்கும் சர்க்கரை பார்த்துவிடலாம். இந்தக் காலத்தில் அது நல்லதுதான்.

அன்புத் தம்பி
இஞ்ஞாசி


சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
6-7-1975

அன்புள்ள தம்பிக்கு அக்காள் எழுதியது. இங்கே அனைவரும் சுகம், உங்கள் சுகத்துக்கும் ஆண்டவர் துணை.

கலியாணத்துக்கு நாள் பார்க்கச் சொன்னால் நீ இரத்தம் பார்க்க வருகிறாய். லேபில் இருபது வருஷம் இருந்தால் மனிதனைக் கண்டதும் ஊசி குத்தத்தான் தோன்றும் போலிருக்கிறது.

கேட்டதை எழுதுகிறேன். அப்பாவுக்கு நாற்பத்து மூன்று. கஸ்பார் அண்ணனுக்கு முப்பத்தொன்பது, தோணியில் பாய் இறக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உன் அத்தானுக்கு நாற்பத்தாறு, கொழும்புத் துறைமுகத்தில் வைத்து. மூன்று பேருக்கும் நெஞ்சடைப்பு என்றுதான் சொன்னார்கள். கடல்வேலை செய்கிறவன் நெஞ்சுவலியை யாரிடம் சொல்லுவான்? அவ்வளவுதான் நம் வீட்டுச் சாவுகள்.

மரியசெல்விக்கு முடிச்சு இரண்டு காலிலும் இருக்கிறது. வளையம் கிளையம் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்தில் நிற்கச் சொன்னால், "என்னம்மா, சந்தையில மாடு பாக்கிய மாதிரி பாக்குதிய" என்கிறாள். இனிகோவுக்குக் கைமுட்டியில் சின்னதாக இரண்டு. அவனுக்கு அதில் ஒரே பெருமை, நானும் முத்துக் குளிகாரன் வம்சம்தான் என்று.

விண்ணப்பத்தை மறந்துவிடாதே. சாமியார் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அன்பு அக்காள்
இசபெல்லா


சென்னை
14-8-1975

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஐஸ் பிளாஸ்கில் விருதுநகர் வரைக்கும் உருகாமல் இருந்தது. குழாய்கள் கெடவில்லை.

திருவிழாக் கூட்டத்தில் நின்று பேச நேரம் கிடைக்கவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாமல் வந்தது உங்களுக்கு வருத்தம் என்று தெரியும். பரிசோதனை முடியட்டும். கொஞ்சம் நாளாகும், இங்கே மருந்து ரசாயனமெல்லாம் தட்டுப்பாடு.

நீங்கள் பொரித்துக் கொடுத்த நெத்திலிக் கருவாடு பேபிக்குப் பிடித்திருந்தது. எல்லோருக்கும் அன்பு.

இஞ்ஞாசி


சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
9-9-1975

தம்பிக்கு அக்காள் எழுதியது. சுகம். சுகமறிய ஆவல்.

நீ போய் ஒரு மாதமாகிவிட்டது. சர்க்கரை பார்க்க ஒரு மாதமா? இங்கே கடற்கரை ரோட்டில் இருக்கிற டாக்டர் காலையில் குத்தி மத்தியானம் சொல்லிவிடுகிறார்.

நீ வந்திருந்த நாலு நாளும் உன்னைக் கவனித்தேன். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அந்தப் பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் நின்றாய். எங்கள் பெண் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. பேபிக்கு வேறு நினைப்பு இருந்தாலும் எழுது. நான் எவ்வளவோ தாங்கியிருக்கிறேன், இதையும் தாங்குவேன். பதில் இல்லாமல் தபால்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இசபெல்லா


தூத்துக்குடி
20-9-1975

மதிப்புக்குரிய அப்பா அவர்களுக்கு, மகன் இனிகோ எழுதுவது. நலம். நீங்களும் அம்மாவும் நலந்தானா?

அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. ஏன் என்று கேட்டால் எரிந்துவிழுகிறார்கள். மரியசெல்வியும் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். நீங்கள் சம்மதிக்கவில்லை என்று நினைக்கிறாள். அப்பா, நான் உங்களிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. எனக்கு அவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம். இதை எழுத வெட்கப்படவில்லை.

இன்னொன்று. ஊருக்குக் கிளம்பின அன்று பிளாட்பாரத்தில் பெட்டியின்மேல் உட்கார்ந்து இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். சட்டை நனைந்துபோயிருந்தது. அத்தையிடம் சொல்லாதே என்றீர்கள். நான் சொல்லவில்லை. டாக்டரைப் பார்த்தீர்களா?

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகன்
இனிகோ


சென்னை
28-9-1975

அன்புள்ள அக்காவுக்கு இஞ்ஞாசியின் வணக்கம். இதைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படியுங்கள்.

நான் பார்த்தது சர்க்கரை மட்டும் அல்ல. இரத்தத்தில் உள்ள கொழுப்பு, கொலஸ்டிரால் என்பார்கள். குழாயில் அமிலம் விட்டால் பச்சை நிறமாகும். கொழுப்பு கூடக் கூடப் பச்சையும் கூடும். இருநூற்றைம்பது வரை இருந்தால் பயமில்லை. மரியசெல்விக்கு முந்நூற்று எழுபத்திரண்டு. இனிகோவுக்கு முந்நூற்று ஐம்பத்தெட்டு. உங்களுக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. கை தவறியிருக்கும் என்று மூன்று தடவை செய்தேன். ஒரு மாதம் ஆனதற்கு அதுதான் காரணம். எங்கள் டாக்டர் அருணாசலவடிவு அம்மாவிடம் பெயரை மறைத்துக் காட்டினேன். "ஒரே குடும்பமாய்யா இது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். யார் குடும்பம் என்று அவர் கேட்கவில்லை.

குதிகாலில் இருப்பது கயிறு அறுத்த தழும்பு இல்லை அக்கா. முத்துக் குளித்த பாட்டனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வெளியேறாத கொழுப்பு நரம்பில் ஏறி உறைந்து நிற்கிறது. காலில் நிற்பதுபோலவே இதயத்துக்குப் போகிற குழாயிலும் நிற்கிறது. நாம் இத்தனை காலம் பெருமைப்பட்டது நம் வீட்டு நோயைப் பார்த்துத்தான். அப்பா, கஸ்பார் அண்ணன், அத்தான் மூன்று பேரும் போனது இதில்தான். அமெரிக்காவில் இரண்டு டாக்டர்கள் இந்த மாதிரிப் பிள்ளைகளின் தோலில் துணுக்கு எடுத்து வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். கொழுப்பை உள்ளே வாங்கிக்கொள்ளும் வாசல் அந்த அணுக்களில் குறைவாக இருக்கிறதாம். டாக்டரம்மா பத்திரிகையை எனக்கு வாசித்துக் காட்டினார்.

இது பிறவியில் வருவது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தகப்பனிடமிருந்து ஒரு பங்கு, தாயிடமிருந்து ஒரு பங்கு. ஒரு பங்கு மட்டும் கெட்டுப்போயிருந்தால் நம்மைப்போல இருக்கலாம். வாயைக் கட்டி, பீடி சிகரெட்டைத் தொடாமல், மாத்திரையும் எடுத்துக்கொண்டால் காலத்தைத் தள்ளலாம். இரண்டு பங்கும் கெட்டுப் பிறந்தால் அந்தப் பிள்ளைக்கு எண்ணூறு, ஆயிரம் என்று போகும். நாலைந்து வயதில் முட்டியிலும் முழங்கையிலும் மஞ்சளாகக் கட்டிகள் எழும்பும். பெரும்பாலும் இருபது வயதைப் பார்ப்பதில்லை. அதற்கு வைத்தியம் இல்லை.

இனிகோவுக்கும் மரியசெல்விக்கும் கலியாணம் நடந்தால் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒன்று அந்த ஆபத்து. வெளியே கட்டினால் பாதிப் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு வரலாம். ஆனால் அவை பிழைக்கும்.

இதனால்தான் கையெழுத்துப் போடவில்லை. பேபிக்கு இன்னும் தெரியாது. கட்டிக்கொள்ளட்டும், பிள்ளை மட்டும் வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கலாமா என்றும் யோசிக்கிறேன். அவர்கள் படித்தவர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்க மனம் வரவில்லை. நீங்கள் எழுதின சாவுகளில் உங்கள் மூத்த மகன் சவேரியின் பெயர் இல்லை. நான் அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. காய்ச்சலில் போய்விட்டான் என்று கார்டு போட்டிருந்தீர்கள். காய்ச்சல்தானா அக்கா?

தம்பி
இஞ்ஞாசி


சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
24-10-1975

அன்புள்ள தம்பிக்கு அக்காள் எழுதியது. பிள்ளைகள் சுகம். நானும் இருக்கிறேன்.

உன் கடிதம் வந்து மூன்று வாரமாக அரிசிப் பானைக்குள் இருந்தது. எடுத்துப் படிப்பேன், திரும்ப வைப்பேன்.

காய்ச்சல் இல்லை. சவேரிக்கு நாலு வயதிலேயே முட்டி, முழங்கை, உட்காருகிற இடம் எல்லாம் மஞ்சள் மஞ்சளாகக் கட்டி. உன் அத்தானுக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம். "ஏளா, பாத்தியா, நம்ம ரெண்டு பேரு வம்சமும் ஒருத்தன்ட்ட சேந்திருக்கு. பாட்டன வுட பெரிய குளிகாரனா வாரான் பாரு" என்று அவனைத் தோளில் வைத்துக்கொண்டு தோணிக்காரர் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு வந்தார். உன் அத்தானின் அம்மாவும் நம் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள் என்பதால் எங்களுக்கும் ஆயர் விலக்குக் கொடுத்துத்தானே கலியாணம் நடந்தது. இரண்டு பங்கும் என்று நீ எழுதினாயே, அதை அன்றைக்கே அந்த மனுஷன் சந்தோஷமாகச் சொல்லிவிட்டார்.

ஏழு வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தான். தண்ணீர் வேண்டும் என்றான். நான் செம்பை எடுத்துத் திரும்புவதற்குள் விழுந்துவிட்டான். தண்ணீர் கீழே கொட்டவில்லை, அதைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். ஓடிவந்த பிள்ளை நெஞ்சடைத்துச் செத்தான் என்றால் யார் நம்புவார்கள்? வீட்டில் என்ன செய்தார்கள் என்று கேட்பார்கள். அதனால் காய்ச்சல் என்று சொல்லிவிட்டோம். உனக்கும் அதையே எழுதினேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது காய்ச்சலாகிவிட்டது.

பிள்ளை வேண்டாம் என்று சொல்லிக் கட்டிவைக்கலாம் என்கிறாய். ஓலை வாசிப்பதற்கு முன்பு சாமியார் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, கடவுள் கொடுக்கிற பிள்ளைகளை ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்பார். பீடத்துக்கு முன்னால் பொய் சொல்லச் சொல்லுகிறாயா? சரி, பொய்யே சொல்லட்டும். ஒரு வருஷம் இருப்பார்கள், இரண்டு வருஷம் இருப்பார்கள். ஆசையும் வயதும் சேர்ந்து இருக்கிற இடத்தில் உன் எண் எவ்வளவு நாள் நிற்கும்? நான் சவேரியைப் புதைத்துவிட்டு வந்த இரண்டாம் வருஷம் மரியசெல்வியைப் பெற்றேன். அந்த மண்ணை என் கையால் போட்டவள்தான் நான்.

தெரியாமல் ஒரு பிள்ளையைக் கொடுத்தேன். தெரிந்து ஒன்றைக் கொடுக்கமாட்டேன். அந்தக் கலியாணம் நடக்காது. எப்படி நிறுத்துவது என்று யோசித்து எழுதுகிறேன்.

எல்லோர் எண்ணையும் எழுதியிருக்கிறாய். உன்னுடையது எங்கே?

அக்காள்
இசபெல்லா


சென்னை
2-11-1975

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். இன்று இறந்தவர்கள் திருநாள். ராயபுரம் கோயிலில் சவேரிக்கு ஒரு பூசை வைத்தேன். இருபத்திரண்டு வருஷம் கழித்து.

எப்படி நிறுத்துவது என்று யோசிக்க வேண்டியதில்லை. நானே நேரில் வந்து இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுகிறேன். மறைத்து மறைத்துத்தான் இவ்வளவும் வந்தது. உண்மையைச் சொன்னால் அழுவார்கள், பிறகு தெளிவார்கள். யார் மீதும் கோபம் இருக்காது. லேபில் தினமும் ஐம்பது பேருக்கு எண்ணை எழுதிக் கொடுக்கிறேன். என் வீட்டில் மட்டும் அதைச் சொல்ல முடியாதென்றால் நான் செய்கிற வேலைக்கு என்ன அர்த்தம்?

டிசம்பரில் லீவு கிடைக்கும். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் அலுப்புதான். அப்பாவைவிட இரண்டு வயது கூடவே இருந்துவிட்டேன்.

இஞ்ஞாசி


சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
19-11-1975

என் அன்புத் தம்பி இஞ்ஞாசிக்கு அக்காள் இசபெல்லா எழுதுவது. பிள்ளைகள் சுகம். சவேரிக்குப் பூசை வைத்ததற்கு உனக்கு மாதா துணை நிற்கட்டும்.

நீ வரவேண்டாம். நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள்.

இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்துச் சொன்னால், உன் மகன் எழுந்து, பிள்ளையே வேண்டாம் அப்பா, இவள் போதும் என்பான். அவனோடு இரண்டு வருஷமாகச் சோறு தின்கிறேன், எனக்குத் தெரியும். அதற்குமேல் நம்மால் ஒன்றும் பேச முடியாது. அப்படியே அவர்கள் கேட்டாலும் விஷயம் சுவருக்குள் நிற்குமா? இந்த வீட்டு இரத்தம் கெட்டது என்று வேம்பார் முதல் மணப்பாடு வரைக்கும் போய்விடும். பிறகு அவளை யார் எடுப்பார்கள், அவனுக்கு யார் கொடுப்பார்கள்?

அவனவன் எண்ணை அவனவனுக்குச் சொல்லிவிடுவோம், அதை மறைக்கக் கூடாது. இனிகோவுக்கு நீ சொல்லு, சிகரெட்டை விடச் சொல்லு. மரியசெல்விக்கு நான் சொல்லுகிறேன். முட்டையையும் இறாலையும் இப்போதே நிறுத்திவிட்டேன். இரண்டையும் சேர்த்தால் என்ன வரும் என்பது மட்டும் நம்மோடு இருக்கட்டும்.

உரிமைப்பெண்ணை வேண்டாம் என்று சொல்ல நம் ஆட்களுக்கு ஒரே காரணம்தான் செல்லும். இரண்டு வீட்டுக்கும் பகை. வேறு எதைச் சொன்னாலும் பெண்ணில் என்ன குறை, பையனில் என்ன குறை என்று தோண்டுவார்கள். அதனால் நாம் சண்டை போட வேண்டும். துறைமுகத்திலேயே பெரிய வேலை பார்க்கிற ஒரு மாப்பிள்ளை வந்திருக்கிறான், தம்பி மகனைவிட அவன் மேல் என்று நான் தெருவில் சொல்லப்போகிறேன். பணத்தாசை பிடித்தவள் என்று என்னைத் திட்டட்டும். உன் மகனும் என்னையே வெறுக்கட்டும். அவனுக்குத் தகப்பன் வேண்டும்.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஒரு கார்டு போடு. கவர் வேண்டாம், கார்டு. நம் தபால்காரன் தளவாய் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் கொடுப்பான், தெருமுனைக்கு வருமுன்னே எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் மகனைவிட உனக்குப் பணம் பெரிதாகிவிட்டதா என்று என்னைத் திட்டி எழுது. இரக்கம் பார்க்காதே. சும்மா இரண்டு வார்த்தை திட்டினால் சாமியார் வருவார், கோயில் கமிட்டிக்காரர் வருவார், அடுத்த மாதமே சமாதானம் பேசி ஓலை வாசித்துவிடுவார்கள். தோணிப் பங்குச் சண்டையில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் எத்தனை பேர் வந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அப்பா வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் ஒருவரும் வரவில்லை. அப்பா அடக்கத்தன்று சித்தப்பா கல்லறைத் தோட்டத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனார். அந்த வார்த்தையை நீயும் எழுத வேண்டும். என் கையால் அதை இங்கே எழுத முடியவில்லை. உனக்குத் தெரியும்.

பிளாட்பாரத்தில் நடந்ததை இனிகோ நேற்றுச் சொல்லிவிட்டான். உன் எண்ணை நீ கடைசி வரைக்கும் எழுதவில்லை. நானும் இனிக் கேட்க முடியாது. கார்டு வந்த பிறகு நான் உனக்கு எழுதக் கூடாது, நீயும் எழுதக் கூடாது. எழுதினால் தளவாய்க்குத் தெரியும்.

உனக்கு ஐந்து வயதில் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திருவிழாத் தேர் பார்க்கப் போனவள் நான். எனக்கு இதைக் கேட்க எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையை விடாமல் சாப்பிடு. படி ஏறாதே. பேபியிடம் சொல்லிவிடு, அவளிடம் மறைக்காதே.

உன் அக்காள்
இசபெல்லா


அஞ்சலட்டை

சென்னை
5-1-1976

இசபெல்லாவுக்கு,

உன் மகளை என் மகனுக்கு எடுப்பதாக இல்லை. விலக்கு விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பெண்ணில் ஒரு குறையும் இல்லை. நல்ல பெண், அவளை எவனும் எடுத்துக்கொள்வான். எனக்குத்தான் அந்தச் சம்பந்தம் போதாது. சென்னையில் பெரிய இடம் கூடி வந்திருக்கிறது, வீடும் காரும் கொடுக்கிறார்கள். இறால் உரிக்கிற வீட்டில் நான் சம்பந்தம் வைக்கப் போவதில்லை. நீ வேறு மாப்பிள்ளை பார்த்ததாக ஊரில் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். வேண்டாம் என்றது நான். பேச்சை முறித்தது நான். இனிகோவிடமும் இதைத்தான் எழுதியிருக்கிறேன். அவன் என்னை ஏசினால் ஏசிக்கொள்ளட்டும்.

சமாதானம் பேச யாரையும் அனுப்பாதே. இனி எனக்கு அக்காள் இல்லை. என் சாவுக்கு நீ வரக்கூடாது.

ச. இஞ்ஞாசி